உட்கார்ந்தால் சம்பளத்தில் பிடிக்கலாமா?

கேள்வி: மாவட்டத் தலைநகர் ஒன்றில் பெரிய ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நாற்பது பேருக்கு மேல் இருக்கிறோம். காலை ஒன்பதரை மணிக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், அவ்வளவுதான். சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கென்று ஸ்டூல்கள் வாங்கினார்கள். அவை இப்போது கிடங்கில் கிடக்கின்றன. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மேடை விளிம்பில் சாய்ந்தால்கூட கேமராவில் பார்த்துவிட்டு நூறு ரூபாய் பிடிக்கிறார்கள். மாலையில் இரண்டு பாதமும் வீங்கி, செருப்பின் வார் பதிந்து நிற்கிறது. நரம்பு சுருண்டிருக்கிறது, வெரிகோஸ் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாற்காலி கேட்டால் வேலை போய்விடுமா? கடையிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா?

பதில்: சகோதரி, நாற்காலி உங்கள் உரிமை. முதலாளி மனமிரங்கித் தருகிற சலுகை அல்ல. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ளவும், வேலை நேரம் முழுவதும் நின்றபடியே இருப்பதைத் தவிர்க்கவும் எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடிப் பெற்ற இதே உரிமை 2018இல் அங்கே சட்டமானது. அதற்குப் பிறகுதான் இங்கே வந்தது.

இந்தப் பிரிவின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். வாடிக்கையாளருக்குப் புடவை விரித்துக் காட்டும்போது உட்கார்ந்துதான் காட்டுவேன் என்று இதை வைத்து வாதாட முடியாது. யாரும் இல்லாத பத்து நிமிடம், கூட்டம் ஓய்ந்த பிற்பகல், இவைதான் நீங்கள் உட்காரும் நேரம். ஆனால் ஸ்டூலைக் கிடங்கில் பூட்டி வைத்துவிட்டு ‘இருக்கை வசதி இருக்கிறது’ என்று கடை சொல்ல முடியாது. நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், உட்காரக்கூடிய நேரத்தில் அது கைக்கு எட்ட வேண்டும். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் வெளியே வருகிற ஸ்டூல் வெறும் காட்சிப் பொருள்.

அந்த நூறு ரூபாய்ப் பிடித்தத்துக்குத் தனியாகவே பதில் சொல்ல வேண்டும். சம்பளத்தில் அபராதம் பிடிப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்ற பட்டியலுக்கு அரசுத் தரப்பில் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி ஊழியர்கள் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். அபராதம் விதிக்கும் முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். மொத்த அபராதம் அந்தச் சம்பள காலத்துக்கான ஊதியத்தில் மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சட்டமே அனுமதிக்கிற ஒரு செயலை, அதாவது ஓய்ந்த நேரத்தில் உட்காருவதை, தவறு என்று எந்தப் பட்டியலில் எழுத முடியும்? பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது. நீங்கள் எழுதிய வேலை நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் அரை மணி போக, நாளுக்குப் பதினொன்றரை மணி நேர வேலை. கடை ஊழியருக்கு அதே 1947 சட்டம் வைத்திருக்கும் வரம்பு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். கூடுதல் நேரத்தைச் சேர்த்தாலும் நாளுக்குப் 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம். தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் இடையில் குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது அதில் பாதி.

காலுக்கு நாற்காலியைவிட இந்த ஒரு மணி நேரம் பெரிது என்பது என் கருத்து. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் அந்த வேலை நின்று, ரத்தம் காலிலேயே தேங்குகிறது. ஓய்வு நேரத்தில் காலை இதய மட்டத்துக்கு உயர்த்தி வைத்துக் கொஞ்ச நேரம் படுக்க முடிந்தால் வீக்கம் வடியும். அரை மணி நேரத்தில் சாப்பிட்டுவிட்டு ஓடி வருவதால் அது நடக்காது. நாற்காலி பற்றிய புகாரில் ‘வாடிக்கையாளர் ஓயவே இல்லை, அதனால் உட்கார வாய்ப்பு வரவில்லை’ என்று கடை வாதாட இடம் உண்டு. ஓய்வு இடைவேளைக்கு அந்தச் சாக்கு எடுபடாது. அது மணிக்கணக்கு, இருந்தது அல்லது இல்லை. எனவே புகாரில் நாற்காலியோடு வேலை நேரத்தையும் கட்டாயம் எழுதுங்கள்.

மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது ‘வெரிகோஸ்’ என்று மட்டும் எழுதிய சீட்டோடு திரும்பாதீர்கள். ‘நீண்ட நேரம் தொடர்ந்து நிற்பதைத் தவிர்க்க வேண்டும், இடையிடையே உட்கார வேண்டும்’ என்று தேதியோடு எழுதித் தரக் கேளுங்கள். அழுத்தக் காலுறை அணியலாமா, எந்த அளவு அழுத்தம் என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, இது சட்டமல்ல, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்: ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கம், வலி, சூடு, சிவப்பு என்று வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காலுக்குள் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம்.

நஷ்டஈடு விஷயத்தில் உங்களுக்கு ஆசை காட்ட விரும்பவில்லை. தொழில்சார் நோய்கள் என்று சட்டத்தின் அட்டவணையில் இருப்பவற்றில் வெரிகோஸ் இல்லை. அட்டவணையில் இல்லாத நோய்க்கு, வேலையால்தான் வந்தது என்று நீங்களே நிரூபிக்க வேண்டும். பரம்பரை, பிரசவம், உடல் எடை என்று எதிர்த்தரப்பு அடுக்கும். அந்த வழக்குக்குச் செலவிடும் ஆண்டுகளை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, இ.எஸ்.ஐ. பிடித்தம் நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் சிகிச்சை அங்கேயே கிடைக்கும். நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகவும் கிடைக்கும். இவ்வளவு பேர் வேலை செய்யும் கடையில் பிடித்தமே இல்லையென்றால் அதுவும் ஒரு புகார்தான்.

புகாரை உங்கள் மாவட்டத்தில் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு உதவி ஆணையர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கும் மனுவும் அங்கேதான் போய்ச் சேரும், ஆனால் அதற்கு ஒரு பதிவு எண் இருக்கும். முடிந்தால் நாலைந்து பேராகக் கையெழுத்திடுங்கள். ஒருவரைக் குறிவைப்பது எளிது, ஐந்து பேரைக் குறிவைத்தால் புடவைப் பிரிவு நடக்காது. பெயர் தெரியக் கூடாது என்றால், பொதுவான ஆய்வாக நடத்தக் கேட்டு எழுதலாம். மாதம் ஒன்று கடந்தும் அசைவு இல்லையென்றால், பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில், மனு மீது எந்தத் தேதியில் ஆய்வு நடந்தது, ஆய்வறிக்கையின் நகல் எங்கே என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கோப்பு அதற்குள் எழுந்து உட்கார்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கையில் சான்று இல்லாமல் போக வேண்டாம். இன்றிலிருந்து ஒரு நோட்டில் வந்த நேரம், போன நேரம், சாப்பாட்டு இடைவேளை, பிடித்த தொகை ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். சம்பளச் சீட்டு தருகிறார்கள் என்றால் ஒன்றையும் தூக்கி எறியாதீர்கள்.

வேலை போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தவரை, தக்க காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான ஊதியமோ தராமலும் நீக்க முடியாது என்கிறது அதே 1947 சட்டத்தின் 41ஆம் பிரிவு. ஒழுங்கீனம் என்று சொல்லி நீக்குவதானால் விசாரணை நடத்தி அதை நிரூபிக்க வேண்டும். ‘நாற்காலி கேட்டார்’ என்பது தக்க காரணம் ஆகாது. நீக்கினால் 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். பஞ்சாயத்து, சமாதானம் என்று இழுத்தடித்து இந்தக் கெடுவைத் தாண்ட வைப்பார்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள்.

உங்கள் கடை உங்களை நீக்காமல் வேறு வழியையும் பார்க்கலாம். மேலாளர் அறைக்கு அழைத்து, ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று தட்டச்சு செய்த தாளை நீட்டுவார்கள். கணக்கு முடித்துப் பணம் தருகிறோம், இங்கே ஒரு கையெழுத்து என்பார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் 41ஆம் பிரிவு உங்களைவிட்டுப் போய்விடும். நீக்கப்பட்டவர் என்ற நிலை மாறி, தானாகப் போனவர் ஆகிவிடுவீர்கள். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்து வாருங்கள். அன்றே, நடந்ததை எழுதிப் பதிவுத் தபாலில் கடை முகவரிக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் வழக்கம்போல் ஒன்பதரைக்கு வேலைக்குப் போய் நில்லுங்கள். உள்ளே விடவில்லை என்றால் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 30 நாள் கணக்கை அன்றிலிருந்து எண்ணுங்கள்.