இத்தனை வகை எஞ்சின் ஆயில் தேவைதானா?
கும்பகோணத்துக் கடையில் ஒரே நிறுவனத்தின் ஏழெட்டு வகை ஆயிலைப் பார்த்துக் குழம்பியதாகவும், இத்தனையும் தேவைதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாதி தேவை, மீதி லேபிள் அலங்காரம் என்பேன்.

டப்பாவில் உள்ள 10டபிள்யூ-30 போன்ற குறியீட்டில் முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், அடுத்த எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுத்தன்மையையும், அதாவது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் குறிக்கும். மார்கழிப் பனியிலும் உறைநிலையை நெருங்காத டெல்டாவில் முதல் எண்ணைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் கிளட்ச் ஆயிலில் நனைந்தபடியே இயங்கும் கியர் பைக்குக்கு ஜப்பானிய வாகனத் தர அமைப்பான ஜாஸோவின் எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை அவசியம். உராய்வு குறைந்த எம்பி வகை ஸ்கூட்டருக்கானது. அதை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். நடவுக்கு உழும் டிராக்டரின் டீசல் எஞ்சினுக்கோ, புகைக்கரியைத் தாங்கும், அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐயின் 'சி' வரிசைத் தர ஆயில் வேண்டும்.

வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணையும் முத்திரையையும் டப்பாவின் பின்பக்கச் சிற்றெழுத்தில் தேடுங்கள். முன்பக்கத்து 'அல்ட்ரா', 'பவர்' எல்லாம் எந்தத் தரத்தையும் குறிப்பவை அல்ல.