உதட்டில் அதே இடத்தில் மறுபடி மறுபடி கொப்புளம் வருவது ஏன்?

கேள்வி: வயது 32. காய்ச்சல் வந்தாலோ, வெயிலில் வண்டியில் அலைந்தாலோ உதட்டோரத்தில் ஒரே இடத்தில் பொடிப்பொடியாகக் கொப்புளம் வருகிறது. வீட்டில் சூடு என்கிறார்கள். பி காம்ப்ளெக்ஸ் போட்டும் கேட்கவில்லை. நேற்று கொப்புளம் உடைந்துவிட்டது. நாலு நாளில் அக்கா குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள், போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் குழந்தையைத் தூக்காதீர்கள், முத்தம் கூடவே கூடாது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரே இடத்தில் வருகிறது என்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் முதல் வகை வைரஸின் வேலை. பெரும்பாலும் சின்ன வயதிலேயே, யாராவது கொஞ்சி முத்தம் கொடுத்தபோது தொற்றியிருக்கும். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேரிடம் இது இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, அதனால் கூச்சப்பட ஒன்றுமில்லை. புண் ஆறினாலும் வைரஸ் போவதில்லை. காதுக்கு முன்னால், மண்டையோட்டுக்குள் இருக்கும், முகத்துக்குத் தொடு உணர்வு தரும் நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது, எழுப்பிவிட்டால் அதே நரம்பு வழியாக அதே இடத்துக்கு இறங்கி வருகிறது. எழுப்புவது எது என்றால் காய்ச்சல், தூக்கமில்லாத நாட்கள், மன உளைச்சல், சிலருக்கு மாதவிலக்கு, பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்திருந்ததில் உதட்டில் பட்ட காயம், அப்புறம் வெயில். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்தான் காரணமே தவிர உடம்புச் சூடு இல்லை, ஆகவே இளநீரும் மோரும் தாராளமாகக் குடியுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். எஸ்பிஎஃப் 30 உள்ள லிப் பாம் தடவிக்கொண்டு வண்டியை எடுங்கள்.

பி காம்ப்ளெக்ஸ் கேட்காததில் ஆச்சரியமில்லை. வாயோரம் வெடிப்பது, வாய்க்குள் வெள்ளையாகக் குழிப்புண் வருவது எல்லாம் வேறு சமாச்சாரம், சத்துக் குறைவால் வந்திருந்தால் அங்கே அந்த மாத்திரைக்கு வேலை உண்டு. வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது. அக்கி என்று காவி எழுதிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். எழுதாமல் விட்டாலும் ஏழிலிருந்து பத்து நாளில் ஆறிவிடும், பெயர் மட்டும் காவிக்குப் போகும்.

மருந்து இருக்கிறது, ஆனால் நேரம்தான் முக்கியம். கொப்புளம் தெரிவதற்கு முன், பல சமயம் முந்தின நாளே, அந்த இடத்தில் குறுகுறுவென்று ஒரு அரிப்பும் எரிச்சலும் வரும், கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. மாத்திரை போட வேண்டியது அப்போதுதான். வாலாசைக்ளோவிர் 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம், ஒரே நாளில் முடிந்துவிடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், கர்ப்பம் என்றாலும் சொல்ல வேண்டும், அதனால் டாக்டரைப் பார்த்து முன்கூட்டியே சீட்டு வாங்கி, மாத்திரையை வீட்டில் தயாராக வைத்திருங்கள். கொப்புளம் உடைந்தபின் ஓடினால் பலன் குறைவு. அசைக்ளோவிர் களிம்பை ஒரு நாளைக்கு ஐந்து முறை தடவினால் அரை நாளோ ஒரு நாளோ மிச்சமாகும், அவ்வளவுதான். கடையில் சும்மா எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவாதீர்கள். வருடத்துக்கு ஆறு முறைக்கு மேல் வந்தால் தினசரி மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இப்போதைக்கு வாசலின் தடவி, பொருக்கைப் பிய்க்காமல் விடுங்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், முக்கியமாகக் கண்ணைத் தொடும் முன். கண் சிவந்து வலித்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும், கருவிழி கெட்டுவிடும். டம்ளர், துண்டு எல்லாம் தனியாக இருக்கட்டும்.

குழந்தை விஷயம். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி போதாது, உங்களுக்கு உதட்டோடு போகிற இதே வைரஸ் அதற்கு மூளை, கல்லீரல் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். பொருக்கு தானாக உதிர்ந்து புதுத் தோல் வரும்வரை தள்ளியே இருங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். புண் இல்லாத நாளிலும் எச்சிலில் வைரஸ் வரலாம் என்பதால், முதல் சில மாதங்களுக்குக் குழந்தை முகத்தில் யாரும் முத்தம் கொடுக்க வேண்டாம் என்று அக்காவிடமே சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் கோபித்துக்கொண்டால் டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போடுங்கள்.