கோயில் மணியின் ஓசையைச் சைன் அலைகளால் மீண்டும் உருவாக்குவது எப்படி?

"திருகோணமலை கோணேசர் கோயில் மணியைப் போனில் பதிந்து எஃப்எஃப்டி (ஒலியில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கணிப்பு) எடுத்தேன். அதில் தெரிந்த உச்சங்களுக்கெல்லாம் சைன் அலை (ஒரே அதிர்வெண் கொண்ட எளிய அலை) போட்டுக் கூட்டினால் ஆர்கன் மாதிரிக் கேட்கிறது, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதிர்வெண்கள் சரியாகவே இருக்கலாம், விட்டுப்போனது நேரம். முழுப் பதிவுக்கும் ஒரே எஃப்எஃப்டி எடுத்தால் எந்த ஒலி எப்போது அடங்கியது என்பது தெரியாது. மணி அடித்தவுடன் வரும் "டங்" சட்டென்று மறைந்துவிடும், அடியிலுள்ள "ம்ம்ம்" பல செக்கன் நிற்கும். ஆகவே பதிவைச் சிறு துண்டுகளாக அளந்து, ஒவ்வொரு சைன் அலைக்கும் அதற்கேயான தேய்வு வளைவைக் கொடுங்கள். கணினி இசை முன்னோடியான பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜான்-க்ளோட் ரிஸ்ஸே 1969இல் இப்படி வெறும் 11 சைன் அலைகளில் அழகான மணியோசை செய்தார். அதிர்வெண்களை முழு எண் மடங்குகளாகத் திருத்திவிடாதீர்கள், மணியின் உயிரே அந்த ஒழுங்கின்மைதான்.

அப்புறம், அந்த "ம்ம்ம்" அலையலையாக ஆடுகிறதே, அது ஒன்றிரண்டு ஹேர்ட்ஸ் இடைவெளியிலுள்ள இரட்டை ஒலிகளால் வருவது. செக்கனுக்கு 44,100 மாதிரி (ஒலியின் அளவீடு) கொண்ட பதிவில், 4,096 மாதிரிச் சாளரம் (ஒரு தடவை அளக்கும் துண்டு) சுமார் 10.8 ஹேர்ட்ஸ் படிகளையே காட்டும், இரண்டும் ஒன்றாகிவிடும். அதற்கு மட்டும் 131,072 மாதிரி, அதாவது மூன்று செக்கன் சாளரம் எடுங்கள்.

கோயில் நிற்கும் சுவாமிமலைப் பாறையின் காற்றும் கடலின் அலைச்சத்தமும் பதிவில் இருக்கும். துண்டுக்குத் துண்டு இடம் மாறும் உச்சங்கள் அவைதான், நீக்கிவிடுங்கள்.