செஸ் கற்றால் கணக்கு வருமா? கூடுதல் வகுப்புகள் பற்றி ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையிடம் சில கேள்விகள்

கேள்வி: மகன் மூன்றாம் வகுப்பு. செஸ் சேர்த்துவிட்டால் கணக்கு நன்றாக வரும் என்கிறார்களே, உண்மையா டீச்சர்?

பதில்: கணக்குக்காக என்றால் வேண்டாம். இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். முடிவு 2016-இல் வந்தது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்திலேயே 30 மணி நேரம் செஸ் சொல்லிக்கொடுத்து, ஓராண்டு கழித்துக் கணக்கு மதிப்பெண்ணைப் பார்த்தால், கற்காதவர்களைவிட ஒன்றும் கூடவில்லை. செஸ் கற்றால் செஸ் வரும். தோற்ற பிறகு அழாமல் கைகொடுத்துவிட்டுக் காய்களை மறுபடி அடுக்கவும் வரும். அது போதும் என்றால் சேருங்கள்.

கேள்வி: அப்போ பாட்டு? மூளை வளரும் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

பதில்: இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மொசார்ட் இசையைக் கேட்டால் புத்தி கூடும் என்ற பேச்சு 1993-இல் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் கேட்டவர்கள் கல்லூரி மாணவர்கள். பலனும் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. முறையாகக் கற்பது வேறு கதை. கனடாவில் ஷெல்லன்பர்க் என்ற உளவியலாளர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேர். கீபோர்டு, பாட்டு, நாடகம், எதுவுமில்லை என்று நான்கு குழுக்கள். ஓராண்டில் எல்லோருக்குமே ஐ.க்யூ ஏறியது (பள்ளிக்கூடத்துக்குப் போனாலே ஏறும்). இசை கற்றவர்களுக்குச் சராசரி 7 புள்ளி, மற்றவர்களுக்கு 4 சொச்சம். இந்த வித்தியாசத்துக்காக ஒரு குழந்தையைத் தினமும் இழுத்துப்போய் உட்காரவைக்க வேண்டுமா?

என்னைக் கவர்ந்தது நாடகக் குழுதான். ஐ.க்யூ கூடுதலாக ஏறவில்லை. ஆனால் பிறரோடு பழகும் விதம் தேறியிருந்தது. நாடக வகுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டு வரும் பெற்றோர் அபூர்வம். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்கு மேடையில் மரம் வேஷம் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவன் வசனத்தை மறந்து விழிக்கும்போது அந்த மரம்தான் மெதுவாக எடுத்துக்கொடுக்கும். எல்லார் வசனமும் அதற்கு மனப்பாடமாகியிருக்கும்.

கேள்வி: மகளுக்கு நீச்சல், கீபோர்டு, அபாகஸ், ஓவியம் என நான்கு வகுப்புகள். அதிகமோ?

பதில்: அதிகம்தான். உடம்பு அசைய ஒன்று, மனசுக்குப் பிடித்தது ஒன்று, போதும். எதை விடலாம் என்று அவளையே கேளுங்கள். அபாகஸ் என்று சொன்னால் எனக்கு ஆச்சரியமில்லை. மிச்ச மாலைகளில் சும்மா விளையாடட்டும்.

கேள்வி: வரைந்து முடித்தால் ஒரு பரிசு என்று ஆசைகாட்டுகிறேன். சரிதானே?

பதில்: ஏற்கெனவே ஆசையாக வரைகிற பிள்ளை என்றால் வேண்டாம். பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த சிறு பிள்ளைகள் பிறகு தாமாக வரைவது குறைந்துபோனதை 1973-லேயே லெப்பர் என்ற உளவியலாளரின் குழுவினர் காட்டினார்கள். படத்தைச் சுவரில் ஒட்டி, இது யார், ஏன் இப்படி நிற்கிறார் என்று விசாரியுங்கள்.

கேள்வி: மதிப்பெண் குறைந்துவிட்டது. வகுப்பை நிறுத்திவிடட்டுமா?

பதில்: முதலில் எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறினால் அதற்கு உடனே தனி உதவி வேண்டும். தேர்வு நேரத்தில் ஓரிரு நாள் போகாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் தண்டனையாக நிறுத்தாதீர்கள். படிப்பில் தடுமாறும் பிள்ளைக்கு, நமக்கும் ஒன்று வருகிறது என்று தோன்றும் நேரம் வாரத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.