"இலவச லவுஞ்ச்" யாருக்கு, எத்தனை மணி நேரத்துக்கு? - வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கிரெடிட் கார்டுடன், பல நாட்டு விமான நிலைய லவுஞ்சுகளில் (உணவும் இருக்கையும் உள்ள தனி ஓய்வுக்கூடங்களில்) நுழைய உதவும் பிரயாரிட்டி பாஸ் அட்டையையும் அனுப்பிய வங்கி, "வெளிநாட்டு விமான நிலையங்களில் ஆண்டுக்கு ஆறு முறை லவுஞ்ச் இலவசம்" என்று கடிதத்தில் எழுதியிருந்தது. லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டு, நானும் மனைவியும் பேரப்பிள்ளைகள் இருவருமாக தோஹா வழியே சென்னை திரும்பும்போது அந்த அட்டையைக் காட்டி லவுஞ்சுக்குள் சென்றோம். வாசலில் யாரும் பணம் கேட்கவில்லை. ஐந்து வாரம் கழித்து வந்த கார்டு கணக்கில் மூன்று பேருக்குத் தலா 35 டாலரும் அதன்மேல் வரியும் பிடித்திருக்கிறார்கள். இது முறையா? பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானதே. ஆனாலும் முழுப் பணமும் திரும்பிவிடும் என்று உறுதி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாலான கார்டுகளில் "ஆறு முறை இலவசம்" என்பது கார்டுக்கு உரியவர் ஒருவருக்கு மட்டுமே பொருந்தும். உடன் வருபவர்கள் மனைவியானாலும் குழந்தையானாலும் "விருந்தினர்" என்ற கணக்கில் வந்துவிடுவார்கள். சில உயர்வகைக் கார்டுகள் விருந்தினருக்கும் இடம் தருகின்றன. வேறு சில, விருந்தினர் ஒவ்வொருவரையும் அந்த ஆறிலிருந்தே கழித்துக்கொள்கின்றன. உங்கள் கார்டு இந்த மூன்றில் எந்த வகை என்பதைக் கார்டுடன் வந்த "மிக முக்கியமான விதிமுறைகள்" என்ற தாளிலும் சலுகைகளுக்கான தனித் தாளிலும் பாருங்கள்.

வாசலில் யாரும் பணம் கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. வரவேற்பு மேசையில் இருப்பவர் லவுஞ்சை நடத்துபவரின் ஊழியர். உங்கள் வங்கிக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அவர் அட்டையைப் பதிவு செய்து, உடன் வருபவர்களின் எண்ணிக்கையைச் சேர்த்து, உங்களிடம் கையெழுத்து வாங்குகிறார். அந்தப் பதிவு பிரயாரிட்டி பாஸ் நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து கட்டணமாக வங்கிக்கு வந்து, வங்கி அதை உங்கள் கணக்கில் ஏற்றுவதற்குள் வாரங்கள் ஓடிவிடுகின்றன. பயணக் களைப்பில், தூங்கி விழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நாம் அந்தச் சிறு திரையில் கிறுக்கும் கையெழுத்துத்தான் பின்னால் வங்கி காட்டக்கூடிய சான்று. எனவே கையெழுத்திடும் முன் விருந்தினர் என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பார்ப்பதும், "உடன் வருபவர்களுக்குக் கட்டணம் உண்டா?" என்று வாய்விட்டுக் கேட்பதும் மிகவும் அவசியம்.

உங்கள் கணக்கில் 35 டாலர் வீதம் மூவருக்கு 105 டாலர். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 123.90 டாலர். ரொட்டியும் பழச்சாறும் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் வெளியே வந்த குடும்பத்துக்கு இது பெரிய தொகை என்பதில் ஐயமில்லை.

இப்போது செய்ய வேண்டியது: எந்த லவுஞ்ச், எந்தத் தேதி, எத்தனை விருந்தினர், எந்த விதியின்படி கட்டணம் என்ற விவரங்களையும் கையெழுத்துப் பதிவையும் கேட்டு வங்கிக்கு எழுத்துவழிப் புகார் அனுப்புங்கள். கணக்கு தவறு என்று புகார் வந்தால் 30 நாட்களுக்குள் விளக்கமும் தேவையான ஆவணச் சான்றும் தர வேண்டும் என்பது கார்டு வழங்குவோருக்கு ரிசர்வ் வங்கி விதித்திருக்கும் கடமை. விருந்தினர் கட்டணம் உங்களுக்குத் தரப்பட்ட தாள் எதிலும் இல்லை என்றாலோ, எண்ணிக்கை தவறாகப் பதிவாகியிருந்தாலோ உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. 30 நாட்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கான வழிகாட்டுதலுக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம். விதி தெளிவாக அச்சிடப்பட்டிருந்தால், சலுகையாக ஒரு பகுதியைத் திருப்பித் தரும்படி கேட்டுப் பார்ப்பதுதான் மீதமுள்ள வழி.

அடுத்த பயணத்துக்கு முன் உங்கள் மனைவிக்குத் துணைக் கார்டும் அவர் பெயரிலேயே ஒரு பிரயாரிட்டி பாஸும் கிடைக்குமா என்று கேளுங்கள். பல வங்கிகள் தருகின்றன. அப்படிக் கிடைத்தால் அவர் விருந்தினராக நுழைய வேண்டியதில்லை. இன்னொரு கண்ணியும் இருக்கிறது. வங்கி தரும் பிரயாரிட்டி பாஸைச் சென்னை போன்ற இந்திய விமான நிலையங்களில் காட்டினால், கார்டுக்கு உரியவருக்கே கட்டணம் விழும்படி பல கார்டுகளின் விதி அமைந்திருக்கிறது. இந்தியாவுக்குள் அந்தக் கறுப்பு அட்டையைப் பையிலேயே வைத்துவிட்டு, உங்கள் கார்டுக்கு உள்நாட்டுச் சலுகை இருந்தால் கிரெடிட் கார்டையே தேய்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பெரும்பாலும் 2 ரூபாய் மட்டும் சரிபார்ப்புத் தொகையாகப் பிடிப்பார்கள்.

கேள்வி: சில ஆண்டுகளாக எந்தக் கேள்வியும் இல்லாமல் லவுஞ்சுக்குள் அனுமதித்த என் கார்டை இப்போது இயந்திரம் ஏற்க மறுக்கிறது. கார்டு காலாவதியாகவில்லை, நிலுவையும் இல்லை. என்ன காரணம்? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: நீங்கள் முந்தைய காலாண்டில் எவ்வளவு செலவு செய்தீர்கள் என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஒவ்வொரு பயணி உள்ளே நுழையும்போதும் தலைக்கு இவ்வளவு என்று வங்கி பணம் கட்டுகிறது. சாதாரண டெபிட் கார்டுகளுக்குக்கூட இந்தச் சலுகையை அள்ளிக் கொடுத்ததால் லவுஞ்சுகளில் கூட்டம் பெருகியது, வங்கிகளின் செலவும் ஏறியது. அதன்பிறகு நிபந்தனைகள் வந்தன. ஐசிஐசிஐ வங்கி தன் கார்டுகள் பலவற்றுக்கு, முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவு செய்திருந்தால்தான் உள்நாட்டு லவுஞ்ச் இலவசம் என்ற விதியை 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. ஆக்சிஸ் வங்கி சில கார்டுகளுக்கு, முந்தைய மூன்று மாதங்களில் 50,000 ரூபாய் என்ற வரம்பை 2024 மே 1 முதல் வைத்தது. தொகையும் விலக்கும் கார்டுக்குக் கார்டு மாறும். அவ்வப்போது திருத்தவும் படுகின்றன.

"முந்தைய காலாண்டு" என்ற சொல்லில்தான் பலரும் தவறுகிறார்கள். மே மாதம் பயணம் செய்பவருக்கு ஜனவரி முதல் மார்ச் வரை செய்த செலவே கணக்கு. பயணத்துக்காக ஏப்ரலில் விமானச் சீட்டும் துணிமணியும் வாங்கிய தொகை ஜூலை முதல்தான் பயன்படும். எனினும், ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகத் தேவையில்லாத பொருளை 35,000 ரூபாய்க்கு வாங்காதீர்கள் என்று கண்டிப்பாகவே சொல்லுவேன்.

கேள்வி: பிசினஸ் கிளாஸ் சீட்டு சற்று மலிவாகக் கிடைக்கிறது. துபாய் அல்லது தோஹாவில் மாற வேண்டும். பிசினஸ் கிளாஸ் என்றால் லவுஞ்ச் உண்டுதானே? (சேலம் வாசகர்)

பதில்: முன்பு உண்டு, இப்போது சீட்டின் வகையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எமிரேட்ஸ் 2019-இல் அறிமுகப்படுத்திய "ஸ்பெஷல்" வகைப் பிசினஸ் கட்டணத்தில் லவுஞ்சும் வீட்டிலிருந்து அழைத்துச் செல்லும் காரும் அடங்கா. கத்தார் ஏர்வேஸின் "பிசினஸ் லைட்" வகையிலும் லவுஞ்ச் அனுமதி கிடையாது. விமானத்துக்குள் இருக்கையும் உணவும் மற்றவர்களுக்குக் கிடைப்பதே உங்களுக்கும் கிடைக்கும். ஆகவே இருக்கைக்காக மட்டும் வாங்குவதானால் மலிவு வகை நல்ல பேரமே. மாறும் இடத்தில் ஐந்தாறு மணி நேரம் காத்திருக்க வேண்டுமென்றால், அடுத்த வகைச் சீட்டுக்கான விலை வேறுபாட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முகவரிடம் சீட்டு எடுத்தால், வகையின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். "பிசினஸ்" என்று மட்டும் வாட்ஸ்அப்பில் வரும் பதிலை நம்ப வேண்டாம்.

கேள்வி: 74 வயதாகும் அம்மாவை மெல்போர்னுக்கு அழைத்துப் போகிறேன். சிங்கப்பூரில் எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. எங்களிடம் லவுஞ்ச் கார்டு எதுவும் இல்லை. பணம் கட்டி லவுஞ்சுக்குப் போகலாமா? அங்கே உண்மையில் வசதியாக இருக்குமா? (மதுரை வாசகி)

பதில்: இந்த வாரம் வந்தவற்றில் நான் அதிக நேரம் யோசித்த கேள்வி இது. முதலில் கணக்கு. பிரயாரிட்டி பாஸின் குறைந்தபட்ச ஆண்டுச் சந்தா 99 டாலர். அதைக் கட்டிய பிறகும் ஒவ்வொரு நுழைவுக்கும் 35 டாலர் தனியே உண்டு. நீங்கள் இருவரும் ஒருமுறை நுழைந்தால் மொத்தம் 169 டாலர் ஆகிவிடும். ஒரே பயணத்துக்காக அதை வாங்க வேண்டாம். ஒரு தடவைக்கு மட்டும் பணம் வாங்கும் லவுஞ்சுகள் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலேயே இருக்கின்றன. ஆனால் இத்தகைய லவுஞ்சுகளில் பொதுவாக மூன்று மணி நேரம்தான் இருக்க விடுவார்கள். எட்டில் மூன்று போக மீதி ஐந்து மணி நேரத்துக்கு அம்மா எங்கே உட்காருவார் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

வசதியைப் பற்றி நான் கண்டதைச் சொல்கிறேன். வளைகுடா விமான நிலையம் ஒன்றில், இந்தியாவிலிருந்து வரும் விமானங்களும் ஐரோப்பாவுக்குப் புறப்படும் விமானங்களும் ஒன்றுசேரும் நள்ளிரவு வேளையில், லவுஞ்ச் வாசலில் அரை மணி நேரம் வரிசையில் நின்றேன். உள்ளே போனபோது தட்டு வைக்க மேசை இல்லை. சூடாக வைத்திருந்த பாத்திரத்தில் பருப்பு அடியில் காய்ந்து ஒட்டியிருந்தது. அதே நகரத்துக்கு இன்னொரு முறை பிற்பகலில் போனபோது அதே இடம் அமைதியாக, நல்ல சாப்பாட்டுடன் இருந்தது. லவுஞ்சின் பெயரைவிட நாம் போகும் நேரமே தரத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம். நிரம்பிவிட்டால், பணம் கட்டி முன்பதிவு செய்யாதவர்களைத் திருப்பி அனுப்பும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

முழங்கால் வலி உள்ளவருக்கு இன்னொரு கவனம் தேவை. லவுஞ்சுகளில் பார்வைக்கு அழகாகப் போட்டிருக்கும் சோபாக்கள் தாழ்வானவை, ஆழமானவை. அவற்றில் உட்கார்ந்துவிட்டால் அம்மாவால் கை கொடுக்காமல் எழுந்திருக்க இயலாது. சாப்பாட்டு மேசைப் பக்கத்தில் இருக்கும் நேரான நாற்காலியே அவருக்கு நல்லது. கழிப்பறை உள்ளேயே இருக்கிறதா என்பதையும் முன்பதிவுக்கு முன் கேளுங்கள். எல்லா லவுஞ்சிலும் இருப்பதில்லை.

உங்கள் நிலையில் நான் லவுஞ்சுக்குப் பதிலாகப் படுக்கைக்குப் பணம் கட்டுவேன். சாங்கியில் குடியேற்றச் சோதனைக்கு வெளியே போகாமலேயே மணிக்கணக்கில் அறை எடுக்கும் விடுதிகள் உண்டு. டெர்மினல் 1-இல் உள்ள ஏரோடெல் அவற்றுள் ஒன்று. ஆறு மணி நேரம் காலை நீட்டிப் படுப்பது அம்மாவுக்கு எந்தச் சிற்றுண்டியையும்விடப் பெரிய உதவி. செலவு அதிகம் என்று பட்டால், சாய்வு நாற்காலிகள் போட்ட இலவச ஓய்விடங்கள் டெர்மினல்களுக்குள்ளேயே இருக்கின்றன; சாப்பாட்டைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். பலரும் சொல்லும், கடைகள் நிறைந்த ஜுவல் வளாகம் குடியேற்றச் சோதனைக்கு வெளியே இருப்பதால் அதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பாகவே விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். இந்தியாவில் ஏறுவதற்கு மட்டுமல்லாமல், சிங்கப்பூரில் மாறுவதற்கும் மெல்போர்னில் இறங்குவதற்கும் சேர்த்தே கேளுங்கள். சிங்கப்பூரில் உங்களை விடுதியிலோ ஓய்விடத்திலோ விட்டுச் செல்லும் பணியாளரிடம், திரும்ப எத்தனை மணிக்கு, எந்த இடத்துக்கு வருவார் என்பதைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். சாங்கியின் 1, 2, 3 டெர்மினல்களில் பாதுகாப்புச் சோதனை ஒவ்வொரு கேட்டின் வாசலிலும் நடக்கிறது. ஆகவே மற்ற ஊர்களைவிடச் சற்று முன்னதாகவே கிளம்ப வேண்டும். அம்மாவின் மாத்திரைக்காக வாங்கிய தண்ணீரையும் அந்தச் சோதனைக்கு முன்பே குடித்துவிட வேண்டும்.