25 மணி நேரமும் ஒரு கையொப்பமும்

கேள்வி: என் மூத்த மகள் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தில் படிக்கிறாள். இரண்டாம் வருடம் முடிகிறது. மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியே வருவதா, இன்னும் ஒரு வருடம் கூட்டிச் சிறப்புப் பட்டம் செய்வதா என்று இந்த மாதத்துக்குள் சொல்ல வேண்டும். சமூகவியலில் சிறப்புப் பட்டம் செய்து சமூகப்பணித் துறைக்குப் போவேன் என்று அவள் நிற்கிறாள். அவளுடைய அப்பாவுக்கு விருப்பமில்லை. வயது 23 ஆகிறது, பின்னால் இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள். அந்தப் பாடங்களிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. போன தவணையில் முதியோர் இல்லமொன்றுக்கு 45 மணி நேரம் போகச் சொன்னார்கள். அங்கே கிழவிகளுக்குத் தலைவாரி விடுவதும் பேசிக்கொண்டிருப்பதும்தான் வேலை. கோயில் சடங்கு, என் அண்ணன் வீட்டுச் சாமத்தியம், மழை என்று அவளால் 20 மணி நேரம்தான் போக முடிந்தது. மிச்சத்துக்கு அந்த இல்லத்தில் வேலை செய்யும் தெரிந்தவரைப் பிடித்து நானே கையொப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். கனடாவில் என் தம்பியின் மகனும் பள்ளிக்கூடத்துக்கு இப்படித்தான் 40 மணி நேரத்துக்குக் கையொப்பம் வாங்கினானாம். இப்போது மகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சிறப்புப் பட்டத்துக்குத் தடை சொல்கிறோம் என்ற கோபமாக இருக்கும். எந்தப் பட்டம் செய்தால் வேலை கிடைக்கும், எது நல்லது என்று சொல்லுங்கள்.
— ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: தங்கச்சி, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பிறகு வருகிறேன். மூன்று வருடமா நான்கு வருடமா என்று கேட்டு எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் எதிலும் இல்லாத ஒரு வரி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. மழை என்று எழுதியதற்கும் கனடா என்று எழுதியதற்கும் நடுவில், ‘நானே கையொப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

சிறப்புப் பட்டத்துக்கு மறுப்புச் சொன்னதால் மகள் பேசாமல் இருக்கிறாள் என்று நினைக்கிறீர்கள். அப்படி இருக்காது. தகப்பன் மறுத்தால் பிள்ளைகள் அழுவார்கள், சாப்பிடாமல் கிடப்பார்கள், பெரியம்மாவைத் தூது விடுவார்கள். அது சண்டை, இரண்டு நாளில் ஆறிவிடும். முகம் கொடுக்காமல் இருப்பது வேறு. தன் பெயருக்கு மேலே பொய் ஏறிய ஒரு தாளைத் தாய் கொண்டுவந்து நீட்ட, அதை வாங்கி விரிவுரையாளரிடம் கொடுத்துவிட்டு வந்த பிள்ளையால் தாயையும் பார்க்க முடியாது, கண்ணாடியையும் பார்க்க முடியாது. நீங்கள் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை. அந்த வெட்கத்தைத்தான் நீங்கள் கோபம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

கனடாக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ஒன்டாரியோ மாகாணத்தில் உயர்பாடசாலை முடிக்கும் பிள்ளைகள் 40 மணி நேரம் சமூக வேலை செய்ய வேண்டும் என்பது உண்மைதான். அங்கே கணக்கு மணி நேரத்துக்குத்தான். அதையும் பொய்யாக நிரப்பச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. உங்கள் மகள் செய்தது அதுவல்ல, இது ஒரு பாடம். சேவைவழிக் கற்றல் என்று சொல்வார்கள். 1960களில் அமெரிக்காவில் இந்தப் பெயரோடு தொடங்கியது. போய் உதவி செய்துவிட்டு வருவதோடு அது முடிவதில்லை. அங்கே என்ன கண்டாய், ஏன் அப்படி இருக்கிறது, வகுப்பில் படித்தது அங்கே எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று எழுதி, வகுப்பில் வைத்துப் பேச வேண்டும். சேவை செய்கிறவரும் சேவை பெறுகிறவரும் இருவருமே எதையாவது பெற வேண்டும் என்பது அதன் அடிப்படை. 20 மணி நேரம் போனவள் 45 மணி நேரத்துக்கு எதைப் பார்த்து எழுதியிருப்பாள்? மிச்சம் 25 மணி நேரத்துக்கும் அவள் கற்பனை செய்திருக்க வேண்டும். தான் போகாத நாளில் அந்தக் கிழவி என்ன சொன்னார் என்று உங்கள் மகளை எழுத வைத்திருக்கிறீர்கள்.

தலைவாரி விடுவதை ஒரு வேலையா என்று கேட்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். ஒரு முதிய பெண்ணின் பின்னால் உட்கார்ந்து தலைவாரிப் பாருங்கள். முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்லாததை அவர் சீப்புக்குச் சொல்வார். பேன் இருக்கிறதா, புண் இருக்கிறதா, எண்ணெய் வைத்து எத்தனை நாள் என்பது கைக்குத் தெரியும். மகன் கடைசியாக எப்போது வந்தான், ஆஸ்பத்திரிக் கிளினிக் துண்டு எங்கே, உதவிப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். கேள்விக்கொத்தோடு போகிறவருக்கு அது வராது. இலங்கையில் சமூகப்பணிக் கல்வி 1952 இல் கொழும்பில் தொடங்கிய நாளிலிருந்து அதைக் கற்றவர்கள் களத்துக்குப் போய்த்தான் கற்றிருக்கிறார்கள். வாசித்து மட்டும் படித்துத் தேற அது கணிதமல்ல.

இன்னொன்றையும் கேளுங்கள். 2004 மார்கழி 26 இல் கடல் வந்தபோது என் பெரியம்மாவின் வீடு உடைந்தது. கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்கு அப்பால், ஒழுங்கைக்குள் இருந்த வீடு. முன்சுவர் மட்டும் நின்றது. பின்னால் சமையலறை, அறை, கிணற்றுக் கட்டு எதுவும் இல்லை. சேதம் பதிய வந்தவர் ஒழுங்கை முனையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, நின்ற சுவரைப் பார்த்துவிட்டு, ‘பகுதிச் சேதம்’ என்று எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டுப் போனார். படலையைத் திறந்து உள்ளே வரவில்லை. அந்த நாளில் முழுச் சேதத்துக்கு 250,000 ரூபா, பகுதிச் சேதத்துக்கு 100,000 ரூபா. இடையிலுள்ள ஒன்றரை இலட்சத்துக்காகப் பெரியம்மா இரண்டு வருடம் அலுவலகப் படி ஏறினார். ஒவ்வொரு முறையும் அந்தத் தாளை எடுத்துக் காட்டி, ‘உத்தியோகத்தர் வந்து பார்த்துக் கையொப்பம் வைத்திருக்கிறாரே’ என்றார்கள். அவர் கெட்ட மனிதர் அல்லர். களைத்துப்போயிருந்தார், வெயில் அடித்தது, இன்னும் நூறு வீடு பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் சடங்கும் சாமத்தியமும் மழையும் போல அவருக்கும் காரணங்கள் இருந்தன.

உங்கள் மகள் போக நினைக்கும் தொழிலில் கையொப்பத்துக்கு ஒரே பொருள்தான்: நான் போனேன், என் கண்ணால் கண்டேன். நாளைக்கு அவள் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தராகவோ பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ இருப்பாள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில், தாய் குவைத்துக்கு வேலைக்குப் போன வீட்டில், அம்மம்மாவோடு இருக்கும் ஒரு பெண்பிள்ளையைப் பார்த்துவரச் சொல்வார்கள். 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு யாராவது அழைத்துச் சொன்னாலும், கடைசியில் ஒரு மனிதர்தான் அந்த வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போக வேண்டும். அன்றைக்கும் மழை பெய்யும், சொந்தத்தில் ஒரு சாமத்தியம் வரும். போகாமலே ‘பார்வையிட்டேன்’ என்று எழுதலாம் என்பதை அவளுக்கு முதலில் காட்டிக்கொடுத்தவர் யார்?

சடங்கைக் காரணம் சொல்லியிருப்பதால் கேட்கிறேன். வைகாசியில் கண்ணகி அம்மனுக்கு மடிப்பிச்சை நேர்ந்துவிட்டு, வீடு வீடாகப் போய் ஏந்தாமல், கடையில் அரிசி வாங்கிக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவீர்களா? உங்கள் கை நடுங்கும். அம்மனிடம் செய்ய மாட்டாததை, பிள்ளையின் வரவுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவியிடம் செய்திருக்கிறீர்கள். ஏமாற்றப்பட்டது பல்கலைக்கழகம் என்றுதான் நினைத்திருப்பீர்கள். அந்த 25 மணி நேரம் அந்தக் கிழவிகளுடையது.

நம்முடைய மட்டக்களப்பில் குடி என்ற வம்சப் பிரிவு தாய் வழியாக வருகிறது. வீடு வளவும் பெண்ணுக்குத்தான் எழுதுகிறோம். அந்த வழக்கத்தில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதனால்தான் இந்தக் கடிதம் எனக்கு இப்படிச் சுடுகிறது. தாயிடமிருந்து பெண் எடுத்துக்கொண்டு போவது வீட்டை மட்டுமா? பிள்ளைக்காக எதையும் செய்வேன் என்று சொல்லும் தாய்மாரை எனக்குத் தெரியும், நானும் ஒரு தாய். ஆனால் பிள்ளை சுமக்க வேண்டியதைப் பறித்து எறிவதற்கு நான் பாசம் என்று பெயர் சொல்ல மாட்டேன். அவள் போகாத நாட்களுக்கு அவளே போய் விரிவுரையாளரிடம், ‘முடியவில்லை, இன்னும் மூன்று கிழமை தாருங்கள்’ என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கும் வாய்ப்பை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். உங்களுக்காகக் கையொப்பம் வைத்த அந்த மனிதரின் வேலையையும் ஆபத்தில் வைத்திருக்கிறீர்கள். அவரைப் பற்றி ஒரு சொல்லும் நீங்கள் எழுதவில்லை.

இனி உங்கள் கேள்வி. சிறப்புப் பட்டம் நான்கு வருடம், இறுதியில் சொந்தமாக ஆய்வொன்று செய்து எழுத வேண்டும். மேற்படிப்புக்கும் ஆய்வு வேலைக்கும் அது கை கொடுக்கும். வேலைக்கு எந்தப் பட்டமும் உத்தரவாதம் தராது. 2017 இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் பட்டதாரிகள் வேலை கேட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்ததை நீங்களும் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். ஒரு வருடத்தை மிச்சம் பிடிப்பதால் அந்த வரிசை குறையாது. 23 வயது, இரண்டு தங்கைகள் என்பதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. 24 வயதில் கெட்டுப்போகிற சம்பந்தம் 23 வயதிலும் நல்ல சம்பந்தம் அல்ல. சமூகப்பணியில் அவளுக்கு மனம் இருக்கிறது என்பதற்கு அவளுடைய மௌனமே எனக்குப் போதும். மனமில்லாதவள் அந்தக் கையொப்பத்துக்கு உங்களுக்கு நன்றி சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பாள். அவள் சிறப்புப் பட்டம் செய்யட்டும். ஆனால் இந்தத் தாளோடு அந்தப் படியில் ஏற வேண்டாம்.

இன்று இரவே அவளிடம், ‘நான் செய்தது பிழை’ என்று சொல்லுங்கள். ‘உனக்காகத்தான் செய்தேன்’ என்ற வாலைச் சேர்க்காதீர்கள். விரிவுரையாளரிடம் அவள் தானே போய்ச் சொல்லட்டும். நீங்கள் வெளியே வாங்கில் இருங்கள், கூப்பிட்டால் உள்ளே போய் யார் கையொப்பம் வாங்கியது என்று சொல்லுங்கள். புள்ளி குறையலாம், அந்தப் பாடத்தைத் திரும்பச் செய்யச் சொல்லலாம், சிறப்புப் பட்டத்துக்கான இடமே கை நழுவலாம். அப்பாவுக்கும் இதை மறைக்காதீர்கள்.

விரிவுரையாளர் என்ன முடிவு சொன்னாலும் அந்த 25 மணி நேரம் கொடுக்கப்பட வேண்டும். சனிக்கிழமைகளில் நீங்களும் மகளும் சேர்ந்து போங்கள். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்றால் ஐந்து சனிக்கிழமை. நல்லெண்ணெய்ப் போத்தலும் இரண்டு சீப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த அம்மாவிடம் முதலில் போக வேண்டும் என்று மகளுக்குத் தெரியும்.