ஜெர்மானியம் இருக்க, சிலிக்கான் ஏன்?

கேள்வி: பேட்டரி இல்லாத கிறிஸ்டல் ரேடியோ செய்கிறேன். ஜெர்மானியம் டயோடு கிடைக்காமல் சிலிக்கான் டயோடு (1என்4148) போட்டேன், சத்தமே இல்லை. ஜெர்மானியம் அவ்வளவு உசத்தி என்றால் எல்லோரும் ஏன் சிலிக்கானுக்கு மாறினார்கள்?

பதில்: சிலிக்கான் டயோடு நன்றாகக் கடத்த ஏறக்குறைய 0.6 வோல்ட் கேட்கும். ஜெர்மானியத்துக்கு 0.2, 0.3 போதும். ஏரியலில் இருந்து வரும் சிக்னல் பெரும்பாலும் அந்த 0.6-ஐ எட்டுவதே இல்லை.

காரணம் ஆற்றல் இடைவெளி, அதாவது கட்டுண்ட எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல். ஜெர்மானியத்தில் அது 0.66 எலக்ட்ரான் வோல்ட், சிலிக்கானில் 1.12. இடைவெளி சிறிதென்றால் எலக்ட்ரான் எளிதில் விடுபடும். உங்களுக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் வெறும் சூடே அதை விடுவித்துவிடும் என்பதுதான் வம்பு. கண்ணாடி உறை போட்ட ஜெர்மானியம் டயோடைத் தலைகீழாக மல்டிமீட்டரில் இணைத்து, இரு விரலால் உடலை மட்டும் பிடித்துப் பாருங்கள்: மின்தடை மளமளவென்று இறங்கும். விரல் சூட்டுக்கே இப்படி மின்சாரம் கசிந்தால், 70, 80 டிகிரியில் என்ன ஆகும்?

இருந்தும், கசிவு மட்டுமே ஜெர்மானியத்தை ஓரங்கட்டவில்லை. 1947-ல் பெல் ஆய்வகத்தில் உருவான முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியம்தான். அதில் எலக்ட்ரான் ஓட்டமும் சிலிக்கானைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வேகம். சிலிக்கானை ஜெயிக்க வைத்தது, என் கணக்கில், அதன் மேல் படியும் ஆக்சைடுதான். 1000 டிகிரி அளவில் ஆக்சிஜனோ நீராவியோ காட்டினால் அதன் மேற்பரப்பே கண்ணாடிபோன்ற சிலிக்கான் டை ஆக்சைடாக மாறும். அது மின்சாரத்தைக் கடத்தாது, நீரில் கரையாது, மேற்பரப்பையும் காக்கும். சிப்பில் ஸ்விட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரில், அதைக் கட்டுப்படுத்தும் 'கேட்' முனைக்கு அடியில் பல தலைமுறைகளுக்கு இருந்த காப்புப் படலம் இதுவே. ஜெர்மானியம் ஆக்சைடோ நீரில் கரைந்துவிடும். அதை நம்பி சிப் கட்ட முடியாது. மணலில் சிலிக்கான் மலிவாகக் கிடைப்பது கூடுதல் லாபம், அவ்வளவே.

சிலிக்கானும் எல்லாவற்றுக்கும் ஆகாது. அது ஒளியைத் திறம்பட உமிழாது. எல்இடிக்கு காலியம் சேர்மங்கள்தான். உயர் மின்னழுத்தத்தில் வேகமாக ஸ்விட்ச் செய்ய ஆற்றல் இடைவெளி 3 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டிய காலியம் நைட்ரைடும் சிலிக்கான் கார்பைடும் வந்துவிட்டன.

உங்கள் ரேடியோவுக்கு 1என்34ஏ என்ற ஜெர்மானியம் டயோடு கிடைத்தால் நல்லது. ஜெர்மானியம் என்ற பெயரில் வேறு ஏதாவது தலையில் கட்டுவார்கள். மீட்டரின் டயோடு சோதனையில் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அது சாதா சிலிக்கான். கிடைக்கவே இல்லையா, குறைந்த வோல்ட்டிலேயே கடத்தும் ஷாட்கி வகை டயோடு போடுங்கள். சோல்டர் வைக்கும்போது கால் கம்பியை இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள், சூடு உள்ளே ஏறாது. இயர்போன் உயர் மின்தடை வகையாக இருக்கட்டும்; மொபைல் இயர்போன் எந்த டயோடுக்கும் பேசாது.